வெற்றிலை திருப்பாத வேஷம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் நான் கட்டிவிட்ட கதை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கதை கட்டுவது என் தொழில். நான் கட்டுகிற கதைகளில் கடைசியில் ராஜாவும் ராணியும் சேர்ந்து நின்று மங்களம் பாடுவார்கள். இந்தக் கதைக்கு மங்களம் கிடையாது.

என் பெயர் மாரப்பன். சொந்த ஊர் சேந்தமங்கலம். நான் நாடக வாத்தியார். ஒரு ஊரில் கோயில் நோன்புக்கு நாடகம் போட ஆசைப்பட்டால் என்னைப் போல ஒருவனைக் கூட்டிப் போவார்கள். இரண்டு மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துச் சோறு போடுவார்கள். ஏர் பிடிக்கிறவனையும் ஆடு மேய்க்கிறவனையும் இழுத்து வந்து ராஜா, மந்திரி, ராணி என்று ஆக்குவது என் பாடு. தவளைக்கு ராகம் சொல்லிக் கொடுத்தாலும் கொடுக்கலாம், சில ஊர் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், அறுப்பு முடிந்த சமயம், கொல்லிமலையிலிருந்து ஆள் வந்தது. சோளக்காடு என்கிற ஊருக்கு அப்பால் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எனக்குச் சோறு போட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மலைக்கு ரோடு ஏது? ஆர்மோனியப் பெட்டி ஒருவன் தலையில், வேஷப்பெட்டி இன்னொருவன் தலையில், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன்.

ஊர்க்கவுண்டர் பெயர் அர்த்தனாரி. நல்ல மனுஷர். ஆனால் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்.

"ஊர்ச்சாமிக்கு நேந்துக்கிட்ட நாடகமுங்க. போன வருசமே போட்டிருக்கோணும். தவறிப் போச்சு. இந்தத் தடவ தவறக் கூடாதுங்க" என்றார்.

"ஏன் தவறியது?"

"காச்சலுங்க" என்றார். மலைக்காய்ச்சல் எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் மேலே கேட்கவில்லை.

கதை அவர்களுடையது. காட்டை ஆண்ட ஒரு ராணி, வேட்டைக்குப் போன புருஷனைத் தேடி ராத்திரி முழுக்க அலைகிற கதை. பாட்டுகளை மட்டும் நான் புதிதாகக் கட்டுவது என்று பேச்சு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. வேஷம் கட்டப் போகிறவனுக்கு வாத்தியார் தன் கையால் வெற்றிலை கொடுக்க வேண்டும். அவன் அதை மெல்லக் கூடாது. துணியில் முடிந்து மடியில் வைத்திருக்க வேண்டும். அரங்கேற்றம் முடிந்ததும் வாத்தியார் கையிலேயே திருப்பித் தர வேண்டும். இடையில் விலகிக்கொள்வதானாலும் அவனே வந்து திருப்ப வேண்டும். காய்ந்து சருகாகியிருந்தாலும் சரி. திருப்புகிறவரைக்கும் அந்த வேஷம் அவனுடையது. வேறு யாரும் தொடக் கூடாது.

நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். பாதியில் ஓடிப்போகிற பயல்களைக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு கிடையாது.

ராஜாவுக்கு வெற்றிலை கொடுத்தேன், ஊர் ஆரவாரம் செய்தது. மந்திரிக்குக் கொடுத்தேன், விசில் அடித்தார்கள். ராணி வேஷத்துக்குச் செல்லமுத்து என்ற பையனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மிளகுக்கொடி ஏறிப் பறிக்கிறவன். ஒடிசலான உடம்பு, மீசை இன்னும் சரியாக அரும்பாத முகம். சேலை கட்டினால் யாரும் ஆண் என்று சொல்ல மாட்டார்கள். அவன் பெயரைச் சொல்லி வெற்றிலையை நீட்டினேன்.

யாரும் சத்தம் போடவில்லை.

செல்லமுத்து கவுண்டரைப் பார்த்தான். "வாங்கிக்க சாமி. கீழ்நாட்டு வாத்தியாரு கை. ஒண்ணும் ஆவாது" என்றார் அவர். பையன் வாங்கிக்கொண்டான். அவன் விரல் சில்லென்று இருந்தது. மலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்கு ஊர்க்கோடியில் ஒரு கொட்டாய் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் திறந்த கொட்டாய். பக்கத்திலேயே ஒரு சின்னக் குடிசையில் எனக்குப் படுக்கை. பொழுது சாய்ந்ததும் காட்டு வேலை முடித்து எல்லோரும் வருவார்கள். அரிக்கேன் விளக்கைக் கொளுத்திவிட்டு ஆரம்பிப்போம். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் கவனித்தேன்.

செல்லமுத்து பாடும்போது இன்னொரு குரல் கேட்டது. மெல்லிய குரல். தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. மலையில் எதிரொலி இருக்கத்தானே செய்யும், அதற்கென்ன என்று ஆர்மோனியத்தை வாசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. எதிரொலி பின்னால் வரும். இது முன்னால் வந்தது.

செல்லமுத்து வாயைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்பு அந்த அடியை யாரோ பாடினார்கள். அவன் அதைப் பின்பற்றிப் பாடினான். தாளம் பிசகாமல். நான் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டேன்.

"யாரடா கூடப் பாடுவது?"

"யாரும் பாடலீங்களே" என்றான் ராஜா வேஷக்காரன். செல்லமுத்து மட்டும் தரையைப் பார்த்தான்.

யாரோ குறும்புக்கார ஆசாமி இருட்டில் உட்கார்ந்து வேடிக்கை செய்கிறான் என்று முடிவு செய்தேன். அவனைப் பிடிக்க ஒரு தந்திரம். மறுநாள் காலையில் ஓடைப் பாறைமேல் தனியாக உட்கார்ந்து ராணிக்கு ஒரு புதுப் பாட்டுக் கட்டினேன். வாய்விட்டுக்கூடப் பாடவில்லை, முணுமுணுத்தேன். சுற்றிலும் ஆள் இல்லை. ராத்திரி கொட்டாயில், "புதுப் பாட்டு, முதல் அடியை நான் சொல்கிறேன்" என்று மூச்சை இழுத்தேன்.

நான் வாய் திறக்கும் முன்பே அந்த அடி வந்தது.

முழுதாக. நான் காலையில் போட்ட சங்கதியோடு.

உண்மையைச் சொன்னால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். என் பாட்டை என்னிடமிருந்து யாரோ திருடிவிட்டதுபோல ஒரு கோபம்.

அன்றைக்குத்தான் பெருமாயி என்ற அம்மாளையும் கவனித்தேன். ஐம்பது வயசு இருக்கும். தினமும் வந்து முதல் வரிசையில் உட்காருவாள். யாரோடும் பேச மாட்டாள். ராணி வரும்போது மட்டும் முகம் மலரும். ஆனால் அவள் பார்வை செல்லமுத்து மேல் இல்லை. அவனுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் இடத்தைப் பார்த்தாள். அவன் நகர்ந்தால் அந்தப் பார்வையும் அதே ஒரு முழம் தள்ளி நகர்ந்தது.

மறுநாள் சோற்று முறை செல்லமுத்து வீடு. அவன் பெண்சாதி கண்ணாயி சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். சின்னப் பெண். கல்யாணமாகி ஆறேழு மாசம்தான். புளியஞ்சோலைக்கு இறங்குகிற பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த ஊர்ச் சமாச்சாரம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

"ஏனுங்க வாத்தியாரே... ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேள்."

"அவரு தூக்கத்துல பாடறாருங்க."

"பாடம் மனசில் ஏறியிருக்கிறது. நல்லதுதானே."

"அவரு கொரலு இல்லீங்க."

நான் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாடி முடிச்சதும் கண்ணு முழிச்சு என்னைய பாக்கறாருங்க. 'நீ யாரு'ன்னு கேக்கறாருங்க. வெடிஞ்சா எதுவும் தெரியலைங்கறாரு. இந்த வேசம் வேணாமுங்க. எம்புருசன முழுசா என்கிட்டக் குடுத்திருங்க."

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உன் புருஷனுக்கு ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு" என்று சொன்னேன்.

அன்று ராத்திரி ஒத்திகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, குடிசையில் என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். என் கடிகாரத்தில் ஒன்றடிக்கப் பத்து நிமிஷம். தூக்கம் வருகிற சமயம்...

ஸ்ஸ்ஸ்...

பெட்டிக்குள் துருத்தி மூச்சு விட்டது.

எலி என்று நினைத்தேன். மறுபடியும், ஸ்ஸ்ஸ்... நிதானமாக. துருத்தியைப் பிடித்து அழுத்தினால்தான் அந்தச் சத்தம் வரும். பிறகு ஒரே ஒரு சுரம். ராணியின் பாட்டு தொடங்குகிற சுரம்.

வெளியே கொட்டாயில் சலங்கை.

ஜல்... ஜல்...

ஒரு காலை எடுத்து வைக்கிற சத்தம். நிற்கும். மறுபடி ஒரு கால். பாடம் பழகுகிறவன் அப்படித்தான் அடி வைப்பான். எழுந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. விடிகிறவரை கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் நேராகக் கவுண்டரிடம் போனேன். "இப்போது சொல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன வருசம் ராணி வேசத்துக்குச் சின்னக்கண்ணு வெத்தலை வாங்குனானுங்க. பெருமாயி மவன். ஒரே மவன். அரங்கேத்தத்துக்கு நாலு நாளு இருக்கறப்ப காச்சல்ல போயிட்டான். மடியில வெத்தலை முடிச்சு இருந்துச்சுங்க. எடுத்துட்டுத்தான் பொதைக்கோணும்னு சொன்னோம். பெருமாயி விடலீங்க. 'எம் மவன் வேசம் எம் மவனுக்குத்தான்'னு மேல விழுந்து கட்டிக்கிட்டா. அப்படியே பொதைச்சுட்டோம்."

"தெரிந்தும் செல்லமுத்துவுக்கு என்னை வெற்றிலை கொடுக்க வைத்தீர்களே?"

"நேந்துக்கிட்ட நாடகமுங்க. ராணி இல்லாம எப்படிப் போடறது? எங்க வழக்கம் எங்களைத்தான் கட்டும். கீழ்நாட்டு ஆளு கையால குடுத்தா, பழைய வெத்தலை கட்டுப்படுத்தாதுன்னு நெனச்சோமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஊரார் வீட்டு நெய்யைப் பெண்டாட்டி கையால் வார்க்கிற புத்தி இது என்று ஏசினேன். பெரிய மனுஷர், தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

அரங்கேற்றம் மறுநாள். நிறுத்தவும் முடியாது. நான் ஒரு வழி செய்தேன். செல்லமுத்துவைக் கூப்பிட்டு அவன் மடியிலிருந்த வெற்றிலையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "இனி வேஷம் உன்னுடையது இல்லை" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். மறுநாள் உச்சிப்பொழுதில் அவனையும் கண்ணாயியையும் மலையிறக்கி, சேந்தமங்கலத்தில் என் தங்கை குழந்தையம்மாள் வீட்டுக்கு அனுப்பினேன். "விடியும்வரை இவனை வெளியே விடாதே" என்று சொல்லியனுப்பினேன். ராணி வேஷம் இல்லாமலே, ராணியின் பாட்டுகளை ஆர்மோனியத்தில் உட்கார்ந்தபடி நானே பாடிவிடுவது என்று ஏற்பாடு.

கண்ணாயி புறப்படும்போது என்னைக் கும்பிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ராத்திரி தீவட்டி வெளிச்சத்தில் நாடகம் தொடங்கியது. சுற்று வட்டாரமே வந்திருந்தது. பெருமாயி முதல் வரிசையில். தலையில் பூ வைத்திருந்தாள்.

ராஜா வேட்டைக்குப் போனான். ராணி வர வேண்டிய இடம். இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நான் பாட மூச்சை இழுத்தேன்.

ஜல்...

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

திரை பிடித்தவர்கள் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "அட, செல்லமுத்து வந்துட்டான்டா!" திரை விலகியது.

ராணி நின்றாள்.

முழு அரிதாரம். முழு வேஷம். முகத்தைப் பார்த்து யாரென்று சொல்ல முடியாது. ஊர் ஆர்ப்பரித்தது. பொறுப்பில்லாத பயல், சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ராணி பாடினாள்.

செல்லமுத்து ஆயுசு முழுக்கப் படித்தாலும் அப்படிப் பாட முடியாது.

என் கை தானாக வாசித்தது. நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பாட்டு. இன்னொரு பாட்டு. ஜனங்கள் அழுதார்கள். பெருமாயி எழுந்து நின்றுவிட்டாள். இப்போது அவள் பார்வை தள்ளிப் போகவில்லை. நேராக ராணி மேல்.

கிழக்கு வெளுக்கும் சமயம் நாடகம் முடிந்தது. வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து என் கையில் வெற்றிலையைத் திருப்பினார்கள்.

ராஜா... மந்திரி... காவற்காரன்...

கடைசியில் ராணி.

என் எதிரே வந்து நின்றாள். மண் வாசனை.

நான் கை நீட்டினேன்.

மடியிலிருந்து ஒரு முடிச்சு வெளியே வந்தது. மக்கிப்போன துணி. என் உள்ளங்கைக்கு மேலே வந்தது...

நின்றது.

விரல்கள் மூடிக்கொண்டன.

மெதுவாகத் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

திரைக்குப் பின்னால் போனாள்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. வேஷப்பெட்டி கட்டியபடியே இருந்தது. சாயங்காலம் நான் போட்ட முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. அவிழ்த்துப் பார்த்தேன். ராணியின் சேலை, சலங்கை எல்லாம் மடித்தபடி அடியில் கிடந்தன.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மலையிறங்கினேன். விழுந்தேன், எழுந்தேன், ஓடினேன். வெயில் ஏறுவதற்குள் சேந்தமங்கலம் போய்விட்டேன். கண்ணாயி வாசலிலேயே இருந்தாள்.

"செல்லமுத்து எங்கே?"

"உள்ள தூங்கறாருங்க. ராத்திரி பூரா அசையவே இல்லீங்க. நானு கண்ணு மூடாமப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. குழந்தையம்மாளும் அதையேதான் சொன்னாள். கதவு வெளியே தாழ் போட்டிருந்ததாம்.

உள்ளே போனேன். அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. உயிரோடிருக்கிறான். சாமி, காப்பாற்றினாய் என்று கையெடுத்தேன். அப்போது அவன் ஒருக்களித்துப் படுத்தான். காதுக்குப் பின்னால் அரிதாரம் அப்பியிருந்தது. சரியாகக் கழுவாத அரிதாரம்.

நான் அதைக் கண்ணாயியிடம் சொல்லவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆள் பிழைத்தானே, போதும் என்று நினைத்தேன்.

நாலு வருஷம் நான் மலைப்பக்கம் போகவில்லை. ஒரு சந்தை நாளில் மிளகு மூட்டையோடு கண்ணாயியைச் சேந்தமங்கலத்தில் பார்த்தேன். இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"செல்லமுத்து சௌக்கியமா?"

"நல்லாத்தானுங்க இருக்காரு. பெருமாயி ஊட்ல."

"பெருமாயி வீட்டிலா?"

"அன்னைக்கு உங்க தங்கச்சி ஊட்ல இருந்து மலையேறுனோமுங்க. ஊருக்குள்ள போனதும் எங்க ஊட்டுக்கு வரலீங்க. நேரா அவ ஊட்டுக்குப் போயி, 'அம்மா, பசிக்குது'ன்னாரு. அவ களி போட்டுக் கதவச் சாத்திக்கிட்டா. அன்னையில இருந்து அங்கதானுங்க. என்னையத் தெரியலைங்கறாரு. அப்ப வயித்துல இருந்த இந்தப் புள்ளையயும் தெரியலைங்கறாரு."

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பக் கொஞ்ச நாளா ராத்திரியில எங்க ஊட்டுக் கதவத் தட்டறாருங்க. 'கண்ணாயி, குளுருது, தொற'ன்னு. எம்புருசன் கொரலுங்க அது. எனக்குத் தெரியாதுங்களா? சந்துல பாத்தா வெளிய ஆளு இல்ல. பெருமாயி ஊட்ல அவரு கொறட்டை விடற சத்தமும் அதே நேரத்துல கேக்குதுங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "ஏனுங்க வாத்தியாரே, ஒரு தரம் தொறந்து பாக்கட்டுங்களா? வெளிய பனி பெய்யுதுங்க."

"திறக்காதே, திறக்காதே" என்று கத்தினேன். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த சந்தைக்குக் கண்ணாயி வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்குப் பெருமாயி வந்திருந்தாள். அவள் இடுப்பில் கண்ணாயியின் குழந்தை.

"கண்ணாயி எங்கே?" என்று கேட்டேன்.

பெருமாயி குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"கதவத் தொறந்துட்டாளுங்க" என்று சொல்லிவிட்டு உப்பு வாங்கப் போனாள்.